பெயரற்ற பாட்டும் விலையுயர்ந்த தட்டும்

சில ஆண்டுகளாகச் சிற்றிதழ்ப் பக்கங்களிலும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளிலும் ஒரு புதிய பக்தி இலக்கியம் பெருகி வருகிறது. அதன் மூலவர் கருநிறத்தவர், வட்ட வடிவினர், நடுவே துளையுடையவர். வினைல் இசைத்தட்டு மீண்டு வந்துவிட்டது, டிஜிட்டல் இசையின் உயிரற்ற துல்லியத்திலிருந்து நம் செவிகளை ஆட்கொள்ள வந்துவிட்டது என்பதே அப்பாசுரங்களின் சாரம். தட்டின் கீறல் ஒலியில் ஆன்மா உறைகிறது என்கிறார்கள். ஊசி இறங்கும் கணத்தில் காலமே நின்றுவிடுகிறது என்கிறார்கள். இப்படி எழுதுவோர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவர்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள். ஆகவேதான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. மோசமாக எழுதப்பட்ட பிழையைக் காலமே கவனித்துக்கொள்ளும்.

மீட்சி என்பது பொய்யில்லை. அமெரிக்க இசைப்பதிவுத் தொழிற்சங்கத்தின் கணக்குப்படி 2022இல் அந்நாட்டில் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகளும் 3 கோடியே 30 லட்சம் குறுந்தகடுகளும் விற்றன. 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை முந்தியது அவ்வாண்டில்தான். நம் நாட்டிலும் சரிகம நிறுவனம் பழைய பதிவுகளைப் புதிய தட்டுகளாக வெளியிட்டு விற்கிறது. விற்பனையை நாம் மறுக்கவில்லை. அவ்விற்பனையின்மேல் எழுப்பப்படும் அழகியலையும், மதுரையைப் போன்றதோர் ஊரின் இசை நினைவின்மீது அது சார்த்தப்படும் விதத்தையுமே மறுக்கிறோம். தட்டா செயலியா என்பது இரவல் வாங்கிய பட்டிமன்றம். நம் ஊருக்குரிய கேள்வி வேறு, அது அவசரமானதும்கூட.

1

முதலில் செவியின் வழக்கைத் தீர்ப்போம். டிஜிட்டல் ஒலி துண்டு துண்டானது, தட்டின் ஒலி தொடர்ச்சியானது, துண்டுகளுக்கு இடையே இசையின் உயிர் நழுவிவிடுகிறது என்ற வாதம் திரும்பத் திரும்ப வைக்கப்படுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. கணிதத்தின் முன் நிற்பதில்லை. குறுந்தகட்டில் ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. மனிதச் செவி எட்டும் எல்லை நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள். ஓர் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால் அவ்வலையை மிச்சமின்றி மீட்டெடுக்கலாம் என்பதை நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் ஆய்வுகள் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே நிறுவிவிட்டன. கருவியிலிருந்து வெளிவருவது படிக்கட்டு அன்று, முழு அலை.

குறைகள் தட்டுக்கும் உண்டு. தாழ்ந்த சுருதிகள் தட்டின் வரியை அகலமாக்கிவிடும் என்பதால் வெட்டும்போது அவற்றைக் குறைத்து, இயக்கும்போது மீண்டும் கூட்டுகிறார்கள். ஊசி மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் அது கடக்கும் தொலைவு சுருங்குகிறது. ஆகவே பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிதைவு கூடுகிறது. ‘வெதுவெதுப்பு’ என்று புகழப்படுவதில் பெரும்பங்கு இத்தகைய வரம்புகளின் விளைவே. அதை விரும்புவது ஒருவரது சுவை. பழைய மண்பானைத் தண்ணீரை விரும்புவதுபோல் அதையும் விரும்பலாம். மற்றவர் குடிப்பது தண்ணீரே இல்லை என்று சொல்லக் கிளம்பும்போதுதான் வழக்கு வருகிறது.

இவ்வழக்கில் 2022 ஜூலையில் ஒரு தீர்ப்பும் கிடைத்தது. முற்றிலும் டிஜிட்டல் கலப்பற்றவை என்ற நம்பிக்கையில் உயர்விலை கொடுத்து உலகமெங்கும் சேகரிக்கப்பட்டு வந்தவை அமெரிக்காவின் மோபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள். அவற்றில் பலவும் ஆண்டுக்கணக்காக டிஜிட்டல் படியிலிருந்தே வெட்டப்பட்டவை என்பது அப்போது வெளிப்பட்டது. ஒரு தட்டுக்கடைக்காரர் கேட்டுச் சொல்லும்வரை, பொன்செவி படைத்த விமர்சகர்கள் அவற்றைத்தான் தூய ஒலியின் எடுத்துக்காட்டுகளாகப் போற்றி வந்தார்கள். விஷயம் வெளிப்பட்டதும் வழக்கு மன்றம் ஏறியவர்கள், அதுவரை தம் காதுகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தட்டன்பர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. 1990கள் தொட்டுக் குறுந்தகடுகளில் ஒலியளவை முட்டித் தள்ளும் போட்டி நடந்தது; மெல்லிய இடமும் ஓங்கிய இடமும் ஒரே மட்டத்துக்கு நசுக்கப்பட்டன. எம்பி3 கோப்புகளை மிகச் சுருக்கியபோது தம்புராவின் நாதமும் சாரீரத்தின் நுண்மையும் தேய்ந்தன. இவை உண்மையான இழப்புகள். ஆனால் இவை செய்தவர்களின் குற்றம். ஊடகத்தின் குற்றம் அன்று. சமையற்காரர் உப்பை அள்ளிப் போட்டதற்கு வாணலியைக் கோபித்துக்கொள்வதில்லை.

2

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரையின் இசைத்தட்டு நினைவு என்று எழுதும்போது பலரும் இரண்டு பொருள்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள். வினைல் நெடுந்தட்டு அமெரிக்காவில் அறிமுகமானதே 1948இல்தான். அதற்கு முன்னும், நம் நாட்டில் அதற்குப் பின் பல ஆண்டுகளும், ஒலித்தவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகள். மரத்தில் பூச்சி கட்டும் அரக்கிலிருந்து செய்தவை; கைதவறினால் அப்பளம்போல் நொறுங்குபவை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடுதல். ஒவ்வொரு முறை ஓடும்போதும் எஃகு ஊசி வரியைத் தின்றது.

மதுரையில் 1916இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் இளமைக் குரல் நமக்குக் கிடைத்தது அவ்வகைத் தட்டில்தான். 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் அவ்வாறே. விடிய விடிய நாடக மேடையில் பாடிய ஒருவர் இன்று நம்மிடம் மூன்று மூன்று நிமிடத் துணுக்குகளாக இருக்கிறார். அத்தட்டு அவருடைய ஆன்மாவைத் தாங்கியது என்று எழுதுவதற்கு முன், அது எவ்வளவை வெட்டி எறிந்தது என்றும் எண்ணிப் பார்க்கலாம். ஊடகம் எதுவாயினும் அதன் கையில் ஒரு கத்தரிக்கோல் உண்டு. அத்துணுக்குகளேனும் கிடைத்தமைக்கு நாம் நன்றியுடையோம். கத்தரிக்கோலைக் கும்பிட வேண்டியதில்லை.

வினைல் வந்த பின்னரும் அது யார் வீட்டில் ஒலித்தது? தட்டு வாங்கவும் கருவி வைத்திருக்கவும் இயன்ற குடும்பங்கள் மிகச் சில. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று வைகைச் சமவெளியில் பரந்து கிடக்கும் ஊர்களின் மக்கள் இசைத்தட்டைக் கேட்டது ரேடியோ செட்டுக்காரரிடமிருந்துதான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அம்மன் கோயில் பொங்கல் எதுவானாலும் அவர் வருவார். ஒரு பெட்டி நிறையத் தட்டுகள், ஒரு ஆம்ப்ளிஃபையர், மரத்தின் உச்சியிலோ மூங்கிலிலோ கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி. கூம்பு தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடும். நடு ஒலிகளை மட்டும் வயல்களைக் கடந்து அடுத்த ஊர்வரை எறியும். வெதுவெதுப்பைத் தேடி எவரும் அதைக் கேட்கவில்லை. அங்கே பாட்டு ஒரு செய்தி. இந்த வீட்டில் விசேஷம் என்று அது ஊருக்குச் சொன்னது. டூரிங் டாக்கீஸில் படம் தொடங்கப்போகிறது என்று சொன்னதும் அதே கூம்புதான். திரைப்படங்களின் கதை வசனத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு முழுப்படத்தையும் மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊர்களில் உண்டு.

இதுவே இங்கு நிலவிய இசைத்தட்டுப் பண்பாடு. அது பொதுவெளிக்குரியது, பங்கிட்டுக் கேட்டது, இரைச்சலானது. இன்று மீட்கப்படுவதாகச் சொல்லப்படுவதோ கதவடைத்த அறையில் ஒற்றை நாற்காலியில் அமர்ந்து கேட்பது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தட்டை வாங்கித் தனியே கேட்பதற்கு யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்கு ‘நம் மரபின் மீட்சி’ என்று பெயர் சூட்டும்போது, கூம்பின் கீழ் நின்று கேட்ட ஊர் முழுவதும் வரலாற்றிலிருந்து துடைக்கப்படுகிறது.

கோயில் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மதுரை வட்டாரத்தில் அது ஒலிநாடாவுக்கே உரியது. எதைத் தட்டில் ஏற்றுவது என்பதைச் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த சில நிறுவனங்கள் முடிவு செய்தன. 1980களில் கேசட் பரவியபோதுதான் பதிவு செய்யும் அதிகாரம் சிறு ஊர்களுக்கு வந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கினார்கள். ஒப்பாரியும் தெம்மாங்கும் கோயில் கதைப்பாட்டும் கேசட்டில் ஏறின. மதுரையைத் தளமாகக் கொண்ட விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், நவநீதகிருஷ்ணன் இணையரின் நாட்டுப்புறப் பாடல்கள் வீடுகளுக்குள் நுழைந்தது கேசட்டின் வழியே. கேசட்டுக்கு எவரும் பாசுரம் பாடுவதில்லை. அது அழகற்ற பிளாஸ்டிக் டப்பா. வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒத்துவராது. மீட்சியின் அழகியல் எதைச் சார்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டிவிடாது.

3

இதையெல்லாம் படித்துவிட்டு மறுதரப்பார் கைதட்ட வேண்டாம். ‘எல்லாம் யூடியூபில் இருக்கிறது, தட்டும் கேசட்டும் எதற்கு’ என்போரின் பிழை இதைவிடப் பெரியது.

எல்லாம் இருக்கிறது என்பதன் பொருள், யாரோ ஒருவர் இன்று அதை வைத்திருக்க விரும்புகிறார் என்பது மட்டுமே. 2003 முதல் 2015 வரை தன் தளத்தில் மக்கள் ஏற்றிய பாட்டுக் கோப்புகள் அழிந்துவிட்டன என்று மைஸ்பேஸ் நிறுவனம் 2019இல் ஒற்றை அறிவிப்பில் சொல்லி முடித்தது. கோடிக்கணக்கான இந்தியர்கள் பாட்டுக் கேட்டுவந்த விங்க் மியூசிக் செயலி 2024இல் மூடப்பட்டது. அதில் ஆண்டுகளாகச் சேர்த்த பட்டியல்களும் அத்துடன் போயின. பழைய இந்தியத் தட்டுகளான ‘யங் இந்தியா’, ‘ஓடியன்’ ஆகியவற்றின் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் டிஜிட்டல் வடிவம் பெற்றன, போற்றத்தக்க பணி. ஆனால் 2023 அக்டோபரில் அந்நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் இணையச் சேவைகளில் பெரும்பகுதி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. லண்டனில் ஒரு கணினி படுத்தால் இங்கே பழைய தட்டொன்றின் பாட்டு ஊமையாகும் நிலையைப் பாதுகாப்பு என்று எப்படி அழைப்பது?

செயலியில் நாம் கேட்பது நம்முடையது அன்று. மாத வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பூட்டினால் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் தட்டன்பர் செயலியன்பரைவிட விவேகமுள்ளவர். அவர் கையில் ஒரு பொருளாவது இருக்கிறது.

4

இரு தரப்பும் காணத் தவறும் இடம் ஒன்றுண்டு. அதைச் சொல்ல நாம் வைகைக்கரைக்கே, பரிபாடலுக்கே போகவேண்டும்.

எழுபது பாடல்கள் கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாக நமக்குக் கிடைத்தவை 22. வையையையும் மதுரையையும் திருமாலையும் செவ்வேளையும் பாடும் அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். பாடல்களிற் பெரும்பாலானவற்றின் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: பாட்டு யாருடையது, இசை வகுத்தவர் யார், பண் எது. வையையைப் பாடும் ஆறாம் பாடலை எழுதியவர் ஆசிரியன் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ். அந்த இசை எப்படி ஒலித்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது. ஆனால் இசை வகுத்தவரின் பெயரைப் பனையோலை விட்டுவிடவில்லை. பெட்டனாகனார், கண்ணனாகனார் என்று அவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். ஒலியைக் காக்க இயலாத ஊடகம் பெயரைக் காத்தது.

இப்போது நம் கைப்பேசியைத் திறந்து பார்ப்போம். ஒலி முழுமையாக இருக்கிறது. பாடகர் என்ற இடத்தில் இசையமைப்பாளரின் பெயர் நிற்கும். பாடலாசிரியருக்குப் பல நேரங்களில் இடமே இராது. தில்லானா மோகனாம்பாள் (1968) படத்தில் சிவாஜி கணேசன் வாயசைக்க, உண்மையில் நாகசுரம் ஊதியவர்கள் மதுரையின் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த மூச்சு யாருடையது என்பதைப் பாட்டைக் கேட்பவர் எங்கேனும் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது. கிராமத்து ஒப்பாரிப் பதிவுகளின் நிலை இன்னும் மோசம்: ‘கிராமியப் பாடல் 7’ என்று ஓர் எண், ஆண்டில்லை, ஊரில்லை, பாடிய அம்மாளின் பெயரில்லை. ஆண்பாவம் (1985) படத்தில் தோன்றியிராவிட்டால் கொல்லங்குடி கருப்பாயியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பெயர் சொல்லும் மரபு ஒலிப்பதிவுக்குப் புதிதன்று. 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொன்னார். தொலைவில் ஜெர்மனியில் தட்டை அச்சிடுவோர் யாருடைய குரல் என்று அறிய அது உதவியது. பிறகு தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாள் அப்பணியைச் செய்தது. தென் மாவட்டங்களில் எங்கும் கேட்கப்பட்ட இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சொன்ன பிறகே பாட்டை ஒலிக்கவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கூடப் பாடலாசிரியர்களைப் பெயர்பெயராக அறிந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பரிபாடலின் கீழ்க்குறிப்பு, கௌஹர் ஜானின் குரல், வட்டத்தாள், வானொலி அறிவிப்பு எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அச்சங்கிலி அறுந்த இடம் நம் கைப்பேசித் திரை.

பழைய தட்டிலிருந்து மீட்க வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இந்த வட்டத்தாள்தான். கீறல் ஒலி அன்று.

5

ஏடுகள் நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? ஓர் ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. சங்கப் பாடல்கள் பிழைத்தது ஓலையின் உறுதியால் அன்று. தலைமுறைதோறும் எவரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்ததால். படியெடுக்காதவை பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு போயின. பொருளைப் பூசிப்பதாலும் நூல் வாழ்வதில்லை, எங்கோ இருக்கிறது என்று நம்புவதாலும் வாழ்வதில்லை. பெயரோடு படியெடுத்து, பல இடங்களில் வைப்பதால் வாழ்கிறது. ஒலிக்கும் இதுவே விதி. டிஜிட்டல் என்பது நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த எழுத்தாணி. படியெடுக்கப் படியெடுக்கத் தேயாத முதல் ஊடகம். அதை வாடகை வீட்டுச் சாவியாக மட்டும் பயன்படுத்துவது பேதைமை.

இது நடக்கக்கூடியது என்பதற்குச் சான்றுகள் உண்டு. மதுரை மணி ஐயரை இன்று நாம் விரிவாகக் கேட்பது பெரிதும் கச்சேரிகளில் ரசிகர்கள் பதிந்து, கைமாற்றிக் கைமாற்றிக் காத்த நாடாக்களால். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கில் 78 சுற்றுத் தட்டுகளைத் திரட்டினார். தட்டுகளோடு விவரங்களையும் திரட்டினார் என்பதே அவரது சிறப்பு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் சேர்த்த நூல்கள் 1994இல் ஓர் ஆய்வு நூலகமாயின. சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளில் முடிகிறது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற தனிக்கணக்கு உண்டு. பழைய கீர்த்தனைகளையும் நாட்டுப்புறப் பாடல்களையும் தாங்கிய, 1960க்கு முன் வெளியான தட்டுகளைப் படியெடுப்பதைத் தடுப்பது பெரும்பாலும் நம் சோம்பல் ஒன்றே.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், இவ்வட்டாரத்தின் ஒலிப்பதிவுகளைப் படியெடுத்து, பெயரிட்டு, பட்டியலிட்டுப் பாதுகாக்கும் தனிப்பிரிவு ஒன்று வேண்டும். படியெடுப்பது சுருக்கப்படாத கோப்பாக இருக்க வேண்டும். ஒரு படி இங்கே, ஒரு படி சென்னையில், ஒரு படி வேறொரு நிறுவனத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, நம் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு. ஆண்டுதோறும் நாட்டுப்புறவியலில் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றுக்காகப் பதிந்த நாடாக்கள் பட்டம் கிடைத்ததும் பரணுக்குப் போகின்றன. ஆய்வேட்டோடு ஒலிப்பதிவையும், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகிய குறிப்புகளோடு நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்வதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. மூன்றாவது, தட்டன்பர்களுக்கு. ஒரு புதுத் தட்டு வாங்கும் பணத்தில், நம் பெரியவர்களின் பெட்டியில் கிடக்கும் கேசட்டுகளைப் படியெடுக்கத் தொடங்கிவிடலாம். அவற்றின் காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது, பூஞ்சை படர்ந்துகொண்டிருக்கிறது, ஓட்டும் கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். அதிலுள்ளது யார் குரல் என்று அடையாளம் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்றைக்கு இருக்கிறார்கள்.

நவீனத் தட்டுகளை இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் எவரேனும் அச்சிடுவார்கள். சந்தை அதைப் பார்த்துக்கொள்ளும். உசிலம்பட்டிப் பக்கத்து ஒரு ஒப்பாரி நாடாவைச் சந்தை பார்த்துக்கொள்ளாது. நல்லச்சுதனாருக்கு ஓலை செய்ததை, பெயர் தெரியாத அந்த அம்மாளுக்கு நாம் செய்வோமா என்பதே கேள்வி. ஊசியின் வெதுவெதுப்பைப் பற்றிய விவாதத்தை அதற்குப் பிறகு ஆற அமர வைத்துக்கொள்ளலாம்.